படுதா போடாத மழைக்காலம்

பெர்லின்
6 மே 2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம்; கோபத்தோடு நலம். நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் இருவரில் ஒருவர் வைத்துவிடுகிறோம், இனிமேல் எழுதிக்கொள்ளலாம் என்று போன வாரம் நீங்கள்தான் சொன்னீர்கள். நல்லதாயிற்று. காகிதத்தில் யாரும் என் குறுக்கே பேச முடியாது.

இரண்டு வருட ஆராய்ச்சி என்று சொல்லிவிட்டு வந்தவள் உங்களைக் கேட்காமல் மூன்றாம் வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஏன் போட்டேன் என்பது இந்தப் பார்சலில் இருக்கிறது. பிரித்துப் பாருங்கள், மெதுவாக.

உள்ளங்கை அளவில் பன்னிரண்டு கண்ணாடிப் பலகைகள். நம் வீட்டு மாடியில் இருக்கும் சோலார் பலகை சிலிக்கானால் ஆனது. அது நீல ஒளியைச் சரியாகப் பயன்படுத்தத் தெரியாமல் வீணடித்துவிடும். அதன்மேல் பெரோவ்ஸ்கைட் என்னும் படிகத்தைத் தலைமுடியைவிட மெல்லிசாகப் பூசினால், நீலத்தை அது வாங்கிக்கொண்டு மீதியைக் கீழே விட்டுவிடும். ஒரே பலகையில் இரண்டு மாடி. நூறு பங்கு ஒளியில் சிலிக்கான் தனியாக இருபத்திரண்டை மின்சாரமாக்கினால், இது இருபத்தெட்டு ஆக்குகிறது. குறை ஒன்றுதான்: ஈரம் பட்டால் மழைக்காலத்து அப்பளம் மாதிரி ஆகிவிடும். கறுப்பாக இருப்பது மஞ்சளாகும். மஞ்சளானால் செத்தது.

எளிதில் ஆவியாகும் பொருளை எடுத்துவிட்டு சீசியம் சேர்த்து நான் ஒரு புதுக் கலவை செய்திருக்கிறேன். இங்கே சோதனைப் பெட்டிக்குள் அது அழகாகத் தாங்குகிறது. பெட்டி தாங்கினால் போதுமா? எங்கள் ஊர் மழையில் நான்கு மாதம் நிற்கட்டும், பிறகு பேசலாம் என்று கூட்டத்தில் வாய்விட்டுச் சொன்னேன். குழுத் தலைவர் அதைப் பிடித்துக்கொண்டார். நின்றால், நம் ஊருக்குப் பக்கத்தில் களமசேரிப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு சோதனைக்கூடம் திறந்து என்னிடம் கொடுப்பார்கள். அக்டோபரில் நான் வீட்டில் இருப்பேன். நிற்காவிட்டால் இந்தக் கலவையோடு என் பேச்சும் முடிந்தது, இங்கேயே வேறு வேலை, இன்னும் எத்தனை வருடமோ.

களமசேரியில் இருக்கும் என் தோழி ஸுப்ரியா வந்து, நம் சுக்கு மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியின் முற்றத்தில் சட்டம் பொருத்தித் தருவாள். அதில் மின்சாரம் அளக்கும் கருவி ஒன்று கணக்குகளைத் தானே எனக்கு அனுப்பிவிடும். நீங்கள் வெள்ளிக்கிழமைதோறும் நிறம் பார்த்தால் போதும்.

உங்கள்
நிஸா
(கோபம் இன்னும் பாதி இருக்கிறது.)


மட்டாஞ்சேரி
9 ஜூன் 2024

நிஸாவுக்கு,

வ அலைக்கும் அஸ்ஸலாம். உன் பன்னிரண்டு பிள்ளைகளும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். ஸுப்ரியா ஒரு சாயாகூடக் குடிக்காமல் வேலையை முடித்தாள். முற்றத்தின் வடக்கு மூலையில் சட்டம், அதில் பலகைகள், நடுவில் ஒளி அளக்கும் குமிழ். "ஷானவாஸ் சேட்டா, இதைத் தொடவும் வேண்டா, துடைக்கவும் வேண்டா" என்று மூன்று முறை சொல்லிவிட்டுப் போனாள்.

தொட நான் யார்? காலையிலிருந்து கடைமுகப்பில் லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டவே எனக்கு நேரம் சரியாக இருக்கிறது. முற்றம் மாயம்மாளின் ராஜ்ஜியம். நீ போன பிறகு வந்தவள், தென்காசிப் பக்கம். சுக்கு காயப் போடும் பதினோரு பெண்களையும் அவள்தான் மேய்க்கிறாள். அவளைக் கூப்பிட்டு, "இது என் வீட்டுக்காரி ஜெர்மனியிலிருந்து அனுப்பினது, கண்ணு மாதிரிப் பாத்துக்கணும்" என்றேன். "நீங்க ஒங்க சோலியப் பாருங்க மொதலாளி, எம்புள்ளையப் பாக்கது போலப் பாத்துக்கிடுதேன்" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

மழை தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை ஜும்ஆவுக்குக் குளிக்கும் முன் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டும் கறுப்பு. கல்யாணமாகி ஏழு வருடத்தில் நீ என் முகத்தை இப்படி வாரம் தவறாமல் பார்த்ததுண்டா என்று அப்போது நினைத்தேன். இதைக் குறை என்று எடுத்துக்கொள்ளாதே. குறைதான்.

அக்டோபர் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மட்டும் இன்னொரு முறை படித்தேன்.

ஷானவாஸ்


பெர்லின்
29 ஜூலை 2024

அன்புள்ள மச்சானுக்கு,

என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ஐம்பது நாள் மழைக்குப் பிறகும் பலகைகள் தொண்ணூற்றெட்டில் நிற்கின்றன! முதல் நாள் கொடுத்தது நூறு என்றால் இன்று தொண்ணூற்றெட்டு. இங்கே ஈரமில்லாத அறையில் இரவும் பகலும் விளக்கொளியில் வைத்த பலகைகளே தொண்ணூற்றைந்துக்கு வந்துவிட்டன. குழுவில் யாருக்கும் நம்ப முடியவில்லை. நான் கலவை கலக்கும்போது பிஸ்மி சொல்லித்தான் கலக்குவேன், அதனாலோ என்னவோ.

ஒன்று மட்டும் கேட்டார்கள். பல மத்தியானங்களில் ஒளி அளக்கும் குமிழ் ஏறக்குறைய பூஜ்யம் காட்டுகிறதே, பகலில் அப்படி இருட்டுமா, குமிழ் பழுதா என்று. எனக்கு ரோசம் வந்துவிட்டது. "ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையை நீங்கள் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் மத்தியானம் இரண்டு மணிக்கு விளக்குப் போட்டுத்தான் சோறு தின்போம்" என்றேன். குமிழ் சரி என்று எழுதிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள்.

செப்டம்பர் 26-ஆம் தேதி பெரிய மாநாட்டில் இதை நான் பேசுகிறேன். பேசி முடித்ததும் களமசேரிக்கான தாளில் கையெழுத்தாகும். நம் அறைக்கு வெள்ளை அடித்து வையுங்கள். பச்சை வேண்டாம். போன முறை நீங்கள் அடித்த பச்சையைப் பார்த்துத்தான் நான் ஜெர்மனிக்கு ஓடி வந்தேன்.

உங்கள்
நிஸா
(கோபம் கால் பங்கு.)


மட்டாஞ்சேரி
8 செப்டம்பர் 2024

நிஸாவுக்கு,

போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தபாலில் போட்டால் உன் மாநாடு முடிந்த பிறகுதான் வரும். அதனால் இதை எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

புதன்கிழமை மத்தியானம் தோப்பும்படியிலிருந்து திரும்பும்போது நல்ல மழை. நனைந்துகொண்டே பின்வாசல் வழியாக முற்றத்துக்குள் ஓடினேன். சுக்கின் மேலெல்லாம் நீலப் படுதா இழுத்து மூடி, பெண்கள் இறவாரத்தில் ஒதுங்கி நின்றார்கள். வடக்கு மூலையில் உன் சட்டத்தின் மேலும் ஒரு படுதா. நான்கு மூலையிலும் கல் வைத்து, காற்று புகாதபடி. கூட அனுப்பும் இன்னொரு படத்தில் பார்.

"இது எப்ப மூடுனது?" என்றேன்.

"எப்பமும் மொத அதத்தான் மூடுவோம். பொறவுதான் சுக்கு" என்றாள் மாயம்மாள். "இந்த மூணு மாசத்துல ஒரு சொட்டு விழ விடலியே மொதலாளி! நிஸாம்மாகிட்டச் சொல்லுங்க." சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

நீ இருட்டு என்று எழுதினாயே, அது இடவப்பாதி இருட்டு இல்லை, படுதா இருட்டு. குமிழும் அதே சட்டத்தில் இருப்பதால் இரண்டும் சேர்ந்து மூடிக்கொண்டன. மழை நின்றதும் எடுத்துவிடுவார்களாம். வெள்ளிக்கிழமை காலையில் நான் பார்க்கப் போகும்போது எல்லாம் திறந்துதான் இருக்கும். உன் கலவை மழையையே பார்க்கவில்லை, நிஸா.

மாயம்மாளைக் குறை சொல்லாதே. மேகம் கறுத்தால் மூடுவது அவர்கள் கையில் ஊறியது. பத்திரம் என்று நான்தான் சொன்னேன், நனையட்டும் என்று சொல்லவில்லை.

நான்கு நாளாக இதை எழுதாமல் வைத்திருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, அக்டோபரில் நீ வந்துவிடுவாய். அறைக்கு வெள்ளை அடித்து முடித்துவிட்டேன். நேற்று அந்த அறையில் போய் உட்கார்ந்து பார்த்தேன். உட்கார முடியவில்லை.

ஷானவாஸ்


பெர்லின்
10 செப்டம்பர் 2024

மச்சான்,

மாநாட்டுப் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். குழுவில் எல்லோர் முன்னாலும் நின்று, எங்கள் கிட்டங்கியில் மழை வந்தால் எதையும் மூடிவிடுவார்கள், அதை நான் யோசிக்கவில்லை என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

மூன்று மாதம்! ஒரு மத்தியானம், ஒரே ஒரு மத்தியானம் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா?

படுதாவை எடுத்துவிட்டு, மீதி மழையில் அவை அப்படியே நிற்கட்டும். அக்டோபரில் நான் வரவில்லை.

நிஸா


மட்டாஞ்சேரி
20 அக்டோபர் 2024

நிஸாவுக்கு,

நீ எழுதி நாற்பது நாள் ஆகிறது. திட்டுவதற்காவது எழுதுவாய் என்று பார்த்தேன். சரி, நானே எழுதுகிறேன்.

நீ சொன்னபடி படுதா இல்லாமல் விட்டோம். மூன்று வாரம் அசல் மழை. பன்னிரண்டில் நான்கு மஞ்சளாகிவிட்டன. ஒளித்து எழுத விருப்பமில்லை. மாயம்மாள் அந்த நான்கையும் பார்த்து மூக்கைச் சிந்தினாள். "நாந்தான் மூடுனேன், அப்பம் நல்லாத்தான இருந்துச்சு" என்கிறாள். அவளுக்கு நான் என்ன விளக்க?

ஆனால் ஒன்று கவனித்தேன். உனக்குத் தெரிந்ததாகவே இருக்கலாம். நான்கிலும் மஞ்சள் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. ஓரமெல்லாம் கறுப்பாக இருக்கிறது. கம்பி வெளியே வருகிற அந்த மூலையில் மட்டும் தொடங்கி உள்ளே பரவுகிறது. சுக்கு மூட்டையில் பூஞ்சை பிடித்தால் நாங்கள் முதலில் தையல் வாயைத்தான் பிரித்துப் பார்ப்போம். சாக்கு வழியாக ஈரம் வருவதில்லை, வாய் வழியாகத்தான் வரும். உன் கலவை கெட்டதா, வாய் கெட்டதா? நான் சுக்கு வியாபாரி, எனக்குத் தெரியாது. மீதி எட்டும் இன்னும் கரிக்கட்டை மாதிரி இருக்கின்றன.

நான்கையும் பஞ்சு சுற்றி அனுப்புகிறேன். கூடவே அரைக் கிலோ சுக்குப் பொடி. அங்கே குளிர் தொடங்கியிருக்கும். காப்பியில் போட்டுக் குடி. என் மேல் இருக்கும் கோபத்தைச் சுக்கின் மேல் காட்டாதே.

ஷானவாஸ்


பெர்லின்
12 டிசம்பர் 2024

அன்புள்ள மச்சானுக்கு,

சுக்குப் பொடி தீர்ந்துவிட்டது. இன்னும் அனுப்புங்கள். குழுவில் பாதிப் பேர் அதைத்தான் குடிக்கிறார்கள்.

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்கு என்னை மன்னியுங்கள். உங்கள் மேல் கோபமாக இருந்திருந்தால் அன்றைக்கே எழுதியிருப்பேன். எனக்கு வெட்கம். மத்தியானத்தில் பூஜ்யம் வரும்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டியவள் நான். ஊர்ப் பெருமை கண்ணை மறைத்துவிட்டது. இரண்டு மணிக்கு விளக்குப் போட்டுச் சோறு தின்றோமாம்!

நான்கு பலகைகளையும் நுண்ணோக்கியில் பார்த்தோம். நீங்கள் சொன்னதுதான். வாய்! செம்புக் கம்பியை ஒட்டியே தண்ணீர் உள்ளே நடந்து போயிருக்கிறது. கலவையில் ஒரு குறையும் இல்லை. நாங்கள் ஆறு பேர் கண்ணாடியின் ஓரங்களையே இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். "இதைக் கண்டுபிடித்தது யார்?" என்று குழுத் தலைவர் கேட்டார். என் கணவர் என்றேன். "படுதாவைச் சொன்னதும் அவர்தானே?" என்றார். ஆமாம் என்றேன். "கெட்ட செய்தியைத் தானே வந்து சொல்கிற இடம் கிடைப்பது கஷ்டம். அடுத்த மழைக்கும் அங்கேயே வைப்போம்" என்றார். நான் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன், மச்சான். சந்தோஷத்தில்தான்.

இனி கம்பி பின்பக்கமாக வெளியே வரும், இரண்டு அடுக்கு ரப்பர் பசையோடு. புதிதாகப் பன்னிரண்டு பலகைகள் மே மாதம் வரும். ஒரு முழு மழைக்காலம், படுதா இல்லாமல். தொண்ணூறுக்குக் கீழே போகாவிட்டால் களமசேரி உறுதி.

ஆனால் அதற்கு இன்னும் ஒரு வருடம். தாள் என் மேசையில் இருக்கிறது. இந்த முறை கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். போடவா?

உங்கள்
நிஸா


மட்டாஞ்சேரி
27 டிசம்பர் 2024

நிஸாவுக்கு,

போடு.

ஷானவாஸ்

பி.கு.: சுக்குப் பொடி இரண்டு கிலோ தனியாக வருகிறது. கேட்டாயே, அதுவே எனக்குப் போதும். சுக்குப் பொடியைச் சொல்லவில்லை.


மட்டாஞ்சேரி
13 ஜூலை 2025

அன்புள்ள நிஸாவுக்கு,

நாற்பத்து மூன்றாம் நாள். பன்னிரண்டும் கறுப்பு. இப்போதெல்லாம் மழை பெய்யும்போதுதான் போய்ப் பார்க்கிறேன், குடை பிடித்துக்கொண்டு, குடை பலகை மேல் சாயாமல்.

மாயம்மாளிடம் எல்லாவற்றையும் உட்காரவைத்துச் சொன்னேன். நனைந்தால்தான் நிஸா வீட்டுக்கு வருவாள், மூடினால் வரமாட்டாள் என்று. அவளுக்கு அது மட்டும் தெளிவாகப் புரிந்தது. ஆனாலும் மேகம் கறுத்ததும் அவள் கை சும்மா இருப்பதில்லை. சுக்கை மூடிவிட்டு அந்த மூலையைப் பார்க்காமல் முதுகைக் காட்டி நிற்கிறாள். "பச்சப்புள்ளைய மழையில விட்டது கணக்கா இருக்கு மொதலாளி" என்கிறாள். போன வாரம் புதிதாக வந்த ஒரு பெண் தெரியாமல் படுதாவைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடிவிட்டாள். மாயம்மாள் போட்ட சத்தம் படகுத்துறை வரைக்கும் கேட்டிருக்கும். "ஏட்டி! அத மூடுனா எங்கம்மா வரமாட்டாவ!" உன்னை அவள் பார்த்ததே இல்லை, நினைவிருக்கட்டும்.

நேற்று இரண்டு மணிக்கு உண்மையாகவே இருட்டிக்கொண்டு வந்தது. விளக்குப் போட்டுத்தான் சோறு தின்றேன். உன் தலைவரிடம் சொல், அது முழுப் பொய் இல்லை என்று.

ஷானவாஸ்


பெர்லின்
9 அக்டோபர் 2025

அன்புள்ள, அருமை மச்சானுக்கு,

தொண்ணூற்றேழு!

நூற்று இருபத்திரண்டு நாள். ஒரு நாள்கூட மூடாமல், காற்று, உப்பு, சாரல், கொட்டுமழை, நடுவில் வந்த வெயில் எல்லாம் வாங்கிக்கொண்டு தொண்ணூற்றேழு. பன்னிரண்டில் ஒன்றுகூட மஞ்சளாகவில்லை. ஸுப்ரியா தனியாக அளந்து பார்த்தாள். அவளுக்கும் அதே எண். நேற்று மாநாட்டில் பேசினேன். முதல் படமாகப் போன வருடத்து நீலப் படுதாவைத்தான் காட்டினேன், நான்கு மூலையிலும் கல்லோடு. நடந்ததை அப்படியே சொன்னேன். இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். கடைசி எண் திரையில் வந்தபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். இவ்வளவு சந்தோஷத்தை வைத்துக்கொள்ள எனக்கு அங்கே இடம் போதவில்லை; வெளியே ஓடி வந்து ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நன்றி சொல்லும் படத்தில் இரண்டு பெயர் போட்டிருந்தேன். ஷானவாஸ், மாயம்மாள். எந்தப் பல்கலைக்கழகம் என்று ஒருவர் கேட்டார். மட்டாஞ்சேரி என்றேன்.

போன வருடம் நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால், பொய்யான தொண்ணூற்றெட்டோடு நான் அப்போதே வீட்டுக்கு வந்திருப்பேன். என்றைக்காவது ஒரு கூரையில் அந்தப் பலகை மஞ்சளாகும்போது உங்கள் முகத்தை எப்படிப் பார்த்திருப்பேன்? அந்த வெள்ளை அறையில் உங்களால் உட்கார முடியவில்லை என்று எழுதினீர்களே, அந்த வரியைத்தான் நான் ஒரு வருடமாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

களமசேரித் தாளில் கையெழுத்தாகிவிட்டது. நவம்பர் 4, மத்தியானம் மூன்று மணிக்கு நெடும்பாசேரி விமான நிலையம். கேட்காமல் டிக்கெட் எடுத்துவிட்டேன். இதற்கு மட்டும் கேட்க மாட்டேன்.

உங்கள், உங்களுடைய
நிஸா
(கோபம்: பூஜ்யம். குமிழ் பழுது இல்லை.)


மட்டாஞ்சேரி
24 அக்டோபர் 2025

அன்புள்ள என் நிஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும், நூறு முறை. தபால் நீ கிளம்பும் முன் வராது, இதையும் படம் பிடித்தே அனுப்புகிறேன். உன் கடிதத்தைக் கடைமுகப்பில் நின்று சத்தமாகப் படித்தேன். லாரிக்காரர்கள் சுமையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்கள். ஒன்றும் புரியாவிட்டாலும் தொண்ணூற்றேழு என்றதும் ஒருவர் விசில் அடித்தார். அன்றைக்கு எல்லோருக்கும் சாயாவும் நெய்யப்பமும் என் செலவு.

அறை வெள்ளையாகத்தான் இருக்கிறது. போன வருடம் அடித்தது கொஞ்சம் பூஞ்சை பூத்திருந்தது, மறுபடி அடித்துவிட்டேன்.

பலகைகளை ஸுப்ரியா இன்னும் எடுக்கவில்லை. அடுத்த மழைக்கும் அங்கேயே இருக்கட்டும், நீயே வந்து பார்த்துக்கொள்வாய் என்கிறாள். எனக்கும் அதுதான் சந்தோஷம். வெள்ளிக்கிழமை காலைகளில் இனி நீ முற்றத்தில் இருப்பாய். நான் சும்மா இருப்பேன்.

இப்போது துலாவர்ஷம், ஐப்பசி மழை. தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு இடியோடு கொட்டுகிறது. நீ இறங்கும் நேரமும் அதுதான். மாயம்மாள் விமான நிலையத்துக்கு வந்தே தீருவேன் என்கிறாள். நேற்று புதிதாக ஒரு நீலப் படுதாவை உதறி மடித்து வண்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். பலகைக்கோ என்று ஓடினேன். இது எதற்கு என்று கேட்டேன்.

"பலகைய மூடாதீங்கன்னீங்க, மூடல. எங்கம்மாவ மூடாதீங்கன்னு யாரும் சொல்லலியே?"

வண்டியில் அதற்கு நானே இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். பத்திரமாக வா.

உன்
ஷானவாஸ்